மனு எழுத மறுக்கும் கைகள்

புது தில்லி: ஓய்வூதியம் இல்லாத முன்னாள் படைவீரர்களுக்கு மத்திய அரசு வழங்கும் வறுமை நிவாரணத் தொகை மாதம் ரூ.4,000-லிருந்து ரூ.8,000 ஆக உயர்த்தப்பட்டுள்ளது. பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங் 2025 அக்டோபரில் இதற்கு ஒப்புதல் அளித்தார். நவம்பர் 1-ம் தேதி முதல் அளிக்கப்படும் விண்ணப்பங்களுக்குப் புதிய தொகை பொருந்தும் என்று அப்போது அறிவிக்கப்பட்டது. 65 வயதைக் கடந்து, ஹவில்தார் அல்லது அதற்கு இணையான பதவி வரை பணியாற்றி, ஓய்வூதியமின்றி வெளியேறியவர்களும், அத்தகையோரின் கைம்பெண்களும் இதைப் பெறலாம்.

தொகை இரட்டிப்பானது வரவேற்கத்தக்கதே. ஆனால், அந்த அறிவிப்பிலுள்ள "விண்ணப்பங்களுக்கு" என்ற சொல்லில்தான் சிக்கல் இருக்கிறது. தன்னை வறியவன் என்று எழுதிக் கையொப்பமிட மனம் ஒப்பாத ஒரு பழைய சிப்பாய்க்கு இந்தத் தொகை எவ்வாறு போய்ச் சேரும்? வீடும் இல்லை, முகவரியும் இல்லை, உதவி கேட்கும் எண்ணமும் இல்லை என்ற நிலையில் இருப்பவரை அரசு எப்படிக் கண்டுபிடிக்கும்? தில்லியில் தீட்டப்படும் திட்டங்களுக்கும் கடைக்கோடிக் கிராமங்களுக்கும் இடையே விடை கிடைக்காமல் நிற்கும் கேள்வி இது.

எல்லையில் இருப்பவர்கள்

கேரளத்தின் தென்கோடியில் நெய்யாற்றின்கரை வட்டம் இருக்கிறது. நெய்யாற்றின்கரை நகரைக் கடந்து அமரவிளை, உதியங்குளங்கரை வழியாகத் தெற்கே வந்தால் பாறசாலை. கன்னியாகுமரி நோக்கிச் செல்லும் ரயில் பாதையில் கேரளத்தின் கடைசி நிலையம் அதுதான். சிறிது தொலைவில் இஞ்சிவிளை, அதை அடுத்துத் தமிழகத்தின் களியக்காவிளை. 1956 நவம்பர் 1-ம் தேதி மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிக்கப்பட்டபோது விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. வரைபடத்தில் கோடு விழுந்தாலும் உறவுகளில் விழவில்லை. பெண் கொடுப்பதும் எடுப்பதும் தொடர்கின்றன. ஒரே வீட்டில் தமிழும் மலையாளமும் புழங்குகின்றன.

இந்த வட்டாரத்து இளைஞர்கள் தலைமுறை தலைமுறையாகப் படையில் சேர்ந்து வந்துள்ளனர். திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் நாயர் படைப்பிரிவுகள் விடுதலைக்குப் பின் இந்திய ராணுவத்துடன் இணைக்கப்பட்டு, மதராஸ் ரெஜிமென்டின் 9-வது, 16-வது பட்டாலியன்களாயின. தமிழரும் மலையாளியும் தோளோடு தோள் நின்று "வீர மதராசி, அடி கொல்லு" என்று முழங்கும் ரெஜிமென்ட் அது. நேதாஜியின் படைக்கும் இம்மாவட்டம் தன் பங்கை அளித்திருக்கிறது. நீர்மூழ்கிக் கப்பல் மூலம் 1942-ல் மலபாரின் தானூர் கடற்கரையில் வந்திறங்கிக் கைதாகி, 1943 செப்டம்பர் 10-ம் தேதி சென்னைச் சிறையில் தூக்கிலிடப்பட்ட வக்கம் காதர் திருவனந்தபுரம் மாவட்டத்துக்காரர். நெய்யாற்றின்கரைக்கும் தனி வரலாறு உண்டு. பொறுப்பாட்சி கோரி நடந்த போராட்டத்தின்போது 1938 ஆகஸ்ட் 31-ம் தேதி அங்கு நடந்த துப்பாக்கிச் சூட்டில் வீரராகவன் உள்ளிட்டோர் உயிரிழந்தனர்.

இத்தகைய மண்ணில், சீருடை அணிந்தவர் முதுமையில் கைவிடப்பட்டால் அது ஒரு குடும்பத்தின் துயரம் மட்டுமன்று. மாநில எல்லை அந்தத் துயரத்தை மேலும் சிக்கலாக்குகிறது. முன்னாள் படைவீரருக்கான அடையாள அட்டை, அவர் வசிக்கும் மாவட்டத்தின் சைனிக் வாரிய அலுவலகத்தில் வழங்கப்படுகிறது. பாறசாலைக்காரர் திருவனந்தபுரத்துக்கும், களியக்காவிளைக்காரர் நாகர்கோவிலுக்கும் செல்ல வேண்டும். பகலில் ஒரு மாநிலத்திலும் இரவில் மற்றொரு மாநிலத்திலும் பேருந்து நிலையத்திலோ கோயில் வாசலிலோ தங்கிக் கழிப்பவர் எந்த அலுவலகத்துக்கு உரியவர்? அவருடைய டிஸ்சார்ஜ் புத்தகத்தில் உள்ள ஊரும், இப்போது படுத்துறங்கும் ஊரும் வெவ்வேறு மாநிலங்களில் இருந்தால் இரு தரப்பும் மறு தரப்பைச் சுட்டிக்காட்டி அனுப்பிவிட முடியும்.

ஓய்வூதியம் ஏன் இல்லை?

ராணுவத்தில் இருந்தவர் என்றால் ஓய்வூதியம் வரும் என்பது பொதுவான எண்ணம். உண்மை அவ்வாறு இல்லை. அதிகாரி அல்லாத படைவீரர்கள் முழுப் பணி ஓய்வூதியம் பெறப் பொதுவாகக் குறைந்தது 15 ஆண்டுகள் பணியாற்றியிருக்க வேண்டும். இரண்டாம் உலகப் போரில் சுமார் 25 லட்சம் இந்தியர்கள் தாமாக முன்வந்து படையில் சேர்ந்தனர். போர் முடிந்ததும் அவர்களில் பெரும்பாலானோர் பணிக்கொடையுடன் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். விடுதலைக்குப் பிறகும், குறுகிய காலம் பணியாற்றி 15 ஆண்டுகளை எட்டாமல் வெளியேறியவர்கள் உண்டு.

இந்திய தேசிய ராணுவத்தினரின் நிலை வேறு. போருக்குப் பின் அவர்கள் இந்திய ராணுவத்தில் மீண்டும் சேர்த்துக்கொள்ளப்படவில்லை. விடுதலைப் போராட்ட வீரர்களுக்கென 1972 ஆகஸ்ட் 15-ல் மத்திய அரசு தொடங்கிய ஓய்வூதியத் திட்டமே அவர்களுக்குக் கதவு திறந்தது. அதற்கும் சிறைச் சான்று வேண்டும். அது கிடைக்காவிட்டால் உடனிருந்த கைதிகளின் சான்று வேண்டும். ரங்கூன் சிறையில் உடனிருந்தவரைத் தென் திருவிதாங்கூர்க் கிராமத்தில் எங்கே தேடுவது?

வீடு இழப்பதற்கான காரணங்கள் படைவீரருக்கும் மற்ற முதியவர்களுக்கும் ஒன்றே. இருந்த சில சென்ட் நிலத்தைப் பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுத்தல், மனைவியின் மறைவு, குடி, கடன், மன நோய் ஆகியவை அவை. ஆனால், இழந்தபின் நடந்துகொள்ளும் விதத்தில் படைவீரர் வேறுபடக்கூடும். வரிசையில் நின்று தன் பங்கைப் பெறுவது அவருக்குப் பழக்கம். ஒருவர் முன் கையேந்தி நிற்பது அவருக்குக் கற்றுத் தரப்படவில்லை.

உச்ச நீதிமன்றம் கண்ட உண்மை

இந்த மனநிலையை உச்ச நீதிமன்றம் 1993-லேயே பதிவு செய்திருக்கிறது. முகுந்த் லால் பண்டாரி வழக்கில், காலம் கடந்து விண்ணப்பித்தார்கள் என்பதற்காக விடுதலைப் போராட்ட வீரர்களின் ஓய்வூதியத்தை மறுக்கக் கூடாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தியாகத்துக்குக் கூலி கொடுப்பது இத்திட்டத்தின் நோக்கமன்று. கெளரவிப்பதும், தேவைப்படும் இடத்தில் துன்பத்தைத் தணிப்பதுமே நோக்கம் என்று அது விளக்கியது. தம்மைக் காத்துக்கொள்ளப் போதிய வருமானம் இல்லாதவர்களிலும் பலர், எந்த நாட்டுப்பற்றுடன் போராட்டத்தில் குதித்தார்களோ அதற்கு இழுக்கு என்று கருதி இந்த உதவியை ஏற்க மறுக்கிறார்கள் என்றும் தீர்ப்பு குறிப்பிட்டது.

இதே திட்டத்தின் வரலாற்றில் இன்னொரு பாடமும் இருக்கிறது. 1972-ல் தொடங்கப்பட்டபோது அது ஆண்டு வருமானம் ரூ.5,000-க்கு மிகாதவர்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. அதாவது, தியாகி என்று நிரூபித்தால் போதாது. ஏழை என்றும் நிரூபிக்க வேண்டும். 1980 ஆகஸ்ட் 1 முதல் அந்த வருமான வரம்பு நீக்கப்பட்டது. திட்டத்தின் பெயரும் சுதந்திரப் போராட்ட வீரர் "சம்மான்" ஓய்வூதியம் என்று மாற்றப்பட்டது. சம்மான் என்றால் மரியாதை. நிவாரணம், பெயரளவிலாவது மரியாதையாக மாறிய நாள் அது.

முன்னாள் படைவீரருக்கான உதவியில் அந்த மாற்றம் இன்றுவரை நேரவில்லை. அதன் பெயரே வறுமை நிவாரணம்தான். நிதி, கொடி நாள் நிதியின் ஓர் அங்கமான பாதுகாப்பு அமைச்சரின் முன்னாள் படைவீரர் நல நிதியிலிருந்து வருகிறது. 1949 முதல் ஆண்டுதோறும் டிசம்பர் 7-ம் தேதி மக்கள் கொடிக்குக் கொடுக்கும் பணத்துக்கும் இதில் பங்குண்டு. மக்கள் அதை நன்றிக்கடனாகத் தருகிறார்கள். வீரருடைய கைக்கு வரும்போது அது வறுமைக்கான தர்மமாக மாறிவிடுகிறது.

பெயரை மாற்றினால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது என்பதற்கும் சான்றுகள் உண்டு. ரங்கூன் சிறையில் அடைக்கப்பட்டிருந்த ஐ.என்.ஏ. வீரர் ஒருவர் 1980-ல் தமிழக அரசின் ஓய்வூதியத்துக்கு விண்ணப்பித்தார். 37 ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தும் பலன் இல்லை. 2018-ல், அவருக்கு 89 வயதானபோது, சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டு வருத்தம் தெரிவித்து, ஓய்வூதியம் வழங்க உத்தரவிட்டது. 2023 நவம்பரில், 96 வயதான ஒரு போராட்ட வீரரின் ஓய்வூதியத்தை இழுத்தடித்ததற்காக மத்திய அரசுக்கு தில்லி உயர் நீதிமன்றம் ரூ.20,000 அபராதம் விதித்தது. கேட்டவர்களுக்கே இந்தக் கதி என்றால், கேட்க மறுப்பவரைப் பிடிவாதக்காரர் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. மனு போட்டவரின் அலைச்சலை அவரும் பார்த்திருப்பார்.

மறுப்பின் விலை

அதற்காக மறுப்பை அப்படியே விட்டுவிடுவதும் தீர்வாகாது. 2018 பிப்ரவரியில் புணே நகரின் கேம்ப் பகுதியில், நடைபாதையில் வசித்துவந்த முன்னாள் ராணுவ கேப்டன் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். 60 வயதைக் கடந்தவர். ராணுவ அலுவலகங்களும் குடியிருப்புகளும் நிறைந்த பகுதியில், ஒரு முன்னாள் அதிகாரி நடைபாதையில் உயிர்விட்டது நாட்டை ஒரு சில நாள் உலுக்கியது. பிறகு மறந்துவிட்டது.

வீடற்றோருக்கான சட்ட ஏற்பாடுகளும் நகரங்களைக் கருத்தில் கொண்டே அமைந்துள்ளன. ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு ஓர் இரவுக் காப்பகம் என்ற அளவுகோலை உச்ச நீதிமன்றம் 2010-ல் வலியுறுத்தியது பெருநகரங்களுக்காக. நெய்யாற்றின்கரை நகராட்சி, பாறசாலையோ கிராம ஊராட்சி. ஊராட்சித் திண்ணையில் உறங்குபவர் இந்தக் கணக்குக்குள் வரமாட்டார்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, நாட்டில் வீடற்றோர் 17.7 லட்சம் பேர் என்றது. பிப்ரவரி 28-ம் தேதி இரவில் தெருக்களிலும் ரயில் நிலையங்களிலும் சென்று எடுக்கப்பட்ட கணக்கு அது. அவர்களில் எத்தனை பேர் படைவீரர்கள் என்ற கேள்வி கேட்கப்படவில்லை. கேள்வியே இல்லாததால், வீடற்ற படைவீரர் அரசின் புள்ளிவிவரத்தில் இல்லாதவராகவே இருக்கிறார்.

தேடிச் செல்லும் வழிகள்

கேட்காதவரிடம் அரசு தானே செல்ல முடியுமா? முடியும் என்பதற்கு நம் சட்டங்களிலேயே இடம் இருக்கிறது. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007-ன்படி, முதியவர் மனுச் செய்ய இயலாத நிலையில் அவர் சார்பில் மற்றொருவரோ ஓர் அமைப்போ மனுச் செய்யலாம். தீர்ப்பாயம் தானாகவே முன்வந்தும் விசாரிக்கலாம். பராமரிப்பதாகச் சொல்லிச் சொத்தை எழுதி வாங்கிய பின் கைவிட்டால், அந்தப் பத்திரத்தையே செல்லாததாக்கவும் வழியுண்டு. பெற்ற பிள்ளைக்கு எதிராக மனு எழுத மாட்டேன் என்று கூறும் தந்தைக்காகவே இப்பிரிவு எழுதப்பட்டதோ என்று தோன்றும். முன்னாள் படைவீரர் நலத் திட்டங்களில் இதுபோன்ற தானாக முன்வரும் கடமை யாருக்கும் வைக்கப்படவில்லை.

கேரளமே மற்றொரு முன்மாதிரியைக் காட்டியிருக்கிறது. அதிதீவிர வறுமையில் உள்ள குடும்பங்களைக் கண்டறிய அம்மாநிலம் விண்ணப்பம் கோரவில்லை. உள்ளாட்சி அமைப்புகள் மூலம் வார்டு வார்டாகத் தேடி 64,006 குடும்பங்களை அடையாளம் கண்டது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனித் திட்டம் வகுத்தது. ஒருவருக்கு மருந்து, ஒருவருக்கு ரேஷன் அட்டை, ஒருவருக்கு வீடு என்று தேவைக்கேற்ப அது அமைந்தது. 2025 நவம்பர் 1-ம் தேதி, அதிதீவிர வறுமை அற்ற மாநிலம் என்று கேரளம் அறிவிக்கப்பட்டது. அந்தக் கணக்கின் முழுமையைப் பொருளாதார அறிஞர்கள் சிலர் கேள்விக்குள்ளாக்கினர். ஆயினும், உதவியைத் தேடி மக்கள் வருவதற்குப் பதிலாக மக்களைத் தேடி உதவி செல்ல முடியும் என்பதை அந்த முயற்சி காட்டியது.

அமெரிக்காவில் 2010-ல் ஓர் இரவுக் கணக்கெடுப்பின்படி வீடற்ற முன்னாள் படைவீரர் 74,087 பேர். 2024-ல் அது 32,882 ஆகக் குறைந்தது. அங்கு வீடற்றவர்களைக் கணக்கெடுக்கும்போதே படையில் இருந்தவரா என்று கேட்கிறார்கள். குடியை நிறுத்தினால்தான் வீடு, சிகிச்சைக்கு உடன்பட்டால்தான் வீடு என்ற நிபந்தனைகளைத் தளர்த்தி, முதலில் வீட்டைக் கொடுத்தார்கள். தெருவில் இருப்பவரிடம் பேச, அதே போர்க்களத்தைக் கண்ட பழைய வீரர்களை அனுப்பினார்கள். 1988-ல் சான் டியாகோ நகரில் வியட்நாம் போர் வீரர்கள் தம் பழைய தோழர்களுக்காக நடத்திய முகாமுக்கு, போர்முனையிலிருந்து திரும்பி இளைப்பாறுவதைக் குறிக்கும் ராணுவச் சொல்லையே பெயராக வைத்தனர். பிச்சை என்ற எண்ணம் வராமல் காத்த பெயர் அது.

எண்ணைக் கேளுங்கள்

நம் நாட்டிலும் இதற்கான அமைப்புகள் இல்லாமல் இல்லை. மத்தியில் கேந்திரிய சைனிக் வாரியம், மாநிலத்தில் ராஜ்ய சைனிக் வாரியம், மாவட்டத்தில் ஜில்லா சைனிக் வாரியம் எனப் படிநிலை இருக்கிறது. மதராஸ் ரெஜிமென்ட் வீரர் என்றால் அவருடைய பணி ஆவணம் நீலகிரியின் வெலிங்டனில் உள்ள ஆவண அலுவலகத்தில் தேடப்படும். டிஸ்சார்ஜ் புத்தகம் மழையில் கரைந்து போயிருந்தாலும், ராணுவ எண் தெரிந்தால் தேட முடியும். ஊர்ப் பெயர் மறந்த முதியவரும் தம் ராணுவ எண்ணை மறப்பது அரிது.

தெருவில் இருக்கும் ஒரு பழைய வீரரிடம் உணவுப் பொட்டலத்தை நீட்டுவதைவிட, உங்கள் எண் என்ன, எந்த பட்டாலியன் என்று கேட்பது அவர் பேச்சைத் தொடங்கி வைக்கக்கூடும். அந்தக் கேள்வியை எழுத்தர் கேட்பதைவிட, ஊரில் ஓய்வுபெற்று இருக்கும் சுபேதார் கேட்டால் பலன் கூடுதலாக இருக்கும். படிவத்தை நிரப்புவதும் சான்றுகளைத் திரட்டுவதும் அலுவலகத்தின் வேலை ஆகட்டும். வீரரிடம் கேட்க வேண்டியது ஒப்புதல் மட்டுமே.

அந்த ஒப்புதல் முக்கியமானது. மறுக்கும் உரிமை அவருக்கு உண்டு. அவரை வலுக்கட்டாயமாக வண்டியிலேற்றிக் காப்பகத்தில் அடைப்பது உதவியாகாது. அதே வேளையில், மறுப்பு தன்மானத்திலிருந்து வருகிறதா, நோயிலிருந்து வருகிறதா என்று அறிவதும் கடமை. ஆதரவின்றித் திரியும் மனநலம் குன்றியவரைப் பாதுகாத்து மருத்துவ மதிப்பீட்டுக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பை, மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 காவல் நிலையத்தின் மீது சுமத்துகிறது. பாறசாலைக் காவல் நிலையமும் களியக்காவிளைக் காவல் நிலையமும் இதில் கைகோத்தால் எல்லைக்கோடு தடையாக இராது.

திருவனந்தபுரம், கன்னியாகுமரி மாவட்டங்களின் சைனிக் வாரியங்கள் ஆண்டுக்கு ஒருமுறையேனும் எல்லையில் கூட்டு முகாம் நடத்தலாம். யார் எந்த மாநிலத்துக்காரர் என்ற ஆய்வைப் பிறகு வைத்துக்கொண்டு முதலில் பெயரைப் பதிவு செய்யலாம். 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீடற்றோரிடம் படையில் பணியாற்றியவரா என்று ஒரே ஒரு கேள்வியைச் சேர்ப்பதற்குச் செலவு ஏதுமில்லை. வறுமை நிவாரணம் என்ற பெயரை மாற்றவும் நிதி ஒதுக்கீடு தேவையில்லை. அமைச்சகத்தின் ஓர் ஆணை போதும்.

இது பழைய தலைமுறையோடு முடிந்துபோகும் பிரச்னையும் அன்று. 2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில் சேர்ந்தவர்களில் 25 சதவீதம் வரையிலானோரே நிரந்தரப் பணியில் தொடர்வர் என்பது திட்டத்தின் விதி. ஏனையோர் நான்கு ஆண்டுகளில் சுமார் ரூ.11.71 லட்சம் சேவா நிதியுடன், ஓய்வூதியம் இன்றி வெளியேறுவர். முதல் அணியினரின் நான்காண்டுக் காலம் 2026 இறுதியிலிருந்து நிறைவடைகிறது. இன்று இருபதுகளில் உள்ள அவர்கள் முதுமையை எட்டும்போது, ஓய்வூதியமில்லாத முன்னாள் வீரர் என்போர் அரிதாகக் காணப்படும் முதியவர்களாக இருக்க மாட்டார்கள், ஊர்தோறும் இருப்பார்கள். அவர்களையும் வறியவர் என்று எழுதித் தரச் சொல்லப் போகிறோமா என்பதை நாடாளுமன்றம் இப்போதே தீர்மானித்துக்கொள்வது நல்லது.

படையில் சேரும் நாளில் அந்த இளைஞரைத் தேடி அரசு ஊர் ஊராக ஆள் சேர்ப்பு முகாம் நடத்துகிறது. உயரம் அளந்து, மார்பு அளந்து, வீட்டு முகவரி குறித்துக்கொண்டு அழைத்துச் செல்கிறது. அவர் முகவரி இழந்து நிற்கும் நாளிலும் அதே அரசு அதே ஊருக்கு ஒருமுறை வரவேண்டும் என்பதே பாறசாலையிலிருந்து தில்லிக்கு விடுக்கப்பட வேண்டிய கோரிக்கை.